வியர்க்காத உடம்பும் கத்திரி வெயிலும்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட பிறகு வந்த முதல் கோடையில், தினமும் மதியம் மூன்று மணிவாக்கில் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. 101, 102 என்று காட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தானாக இறங்கிவிடும். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். யூரினில் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் போனது, காய்ச்சல் போகவில்லை. வேறு ஆன்டிபயாடிக். பிறகு இன்னொன்று. அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். கடைசியில், ரீஹாப் வார்டில் பல வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் போனில் கேட்டார்: "அவன் படுத்திருக்கிற ரூமுக்கு மேல என்ன கூரைம்மா?"

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

அன்று மதியமே கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டோம். ஈரத்துண்டால் கையையும் நெஞ்சையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். நாலரை மணிக்கு 99.2 காட்டியது. மூன்று வாரம் மருந்து கொடுத்தது நோய்க்கே இல்லை, கூரையின் சூட்டுக்கு.

அந்த ஒரு கேள்வியை வேறு யாராவது முன்பே கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் எங்கள் வீட்டில் படிப்படியாகக் கற்றுக்கொண்டதையெல்லாம், டாக்டர்களும் பிசியோக்களும் சொல்லித் தந்ததோடு சேர்த்து எழுதுகிறேன். படுத்திருப்பவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்தேதான்.

முதலில், உள்ளே என்ன அறுந்துபோயிருக்கிறது

மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில், நம் வழக்கப்படி ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 98.6-ல், நிறுத்தி வைப்பது அதன் வேலை. சூடு ஏறினால் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கச் சொல்லும், வியர்க்கச் சொல்லும். குளிர்ந்தால் குழாய்களைச் சுருக்கும், நடுங்க வைக்கும். இந்த உத்தரவுகள் எல்லாம் தண்டுவடத்தின் வழியாகத்தான் கீழே போகின்றன. வியர்வைக்கும் ரத்தக்குழாய்க்குமான நரம்புகள் தண்டுவடத்தை விட்டு வெளியே வருவது டி1 முதல் எல்2 வரையுள்ள பகுதியில், அதாவது நெஞ்சின் மேற்பகுதியிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல் வரை. (முதுகெலும்பில் சி என்றால் கழுத்து, டி என்றால் நெஞ்சு, எல் என்றால் இடுப்புப் பகுதி. எண் கூடக் கூடக் கீழே போகிறோம்.)

எனவே காயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உடம்பு மூளையின் கையை விட்டுப் போய்விடுகிறது. டி10-க்குக் கீழே அடிபட்டவருக்குப் பெரும்பாலும் பெரிய சிக்கல் இருக்காது. மேலுடம்பு வியர்த்துச் சமாளித்துக்கொள்ளும். டி6-க்கு மேலே என்றால் கவனம் வேண்டும். கழுத்தில் முழுமையான காயம் என்றால் முகம்கூட வியர்க்காமல் போகலாம். முகத்து வியர்வைக்கான நரம்பும் மூளையிலிருந்து நெஞ்சு வரை இறங்கி, வெளியே வந்து, மறுபடி மேலேறித்தான் முகத்துக்குப் போகிறது. இது தெரியாமல், "முகம் நல்லாத்தானே இருக்கு, வேர்க்கவே இல்லையே" என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். வேர்க்காததுதான் ஆபத்தே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோல் சுடுகிறது, குளிர்கிறது என்ற செய்தி மூளைக்கு மேலே போவதும் அதே வழியில்தான். அதுவும் அறுந்துவிட்டதால் உடம்பின் பெரும்பகுதி கொதித்தாலும் அவருக்குத் தெரியாது. உத்தரவும் போகாது, செய்தியும் வராது. அப்புறம் உடம்பு, சுற்றியிருக்கும் காற்று எப்படியோ அப்படியே ஆகிக்கொண்டிருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் 1944-ல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், 1958-லேயே தன் சகாக்களோடு சேர்ந்து, இப்படி அடிபட்டவர்களின் உடல் சூடு சுற்றுப்புறச் சூட்டோடு எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதிவிட்டார். நம் ஊரிலும், வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு மையம் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு வீல்சேரிலிருந்தே வேலை செய்தவர். வெயிலுக்குப் பேர்போன வேலூரில் இருந்துகொண்டு அதைச் செய்தார். விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வீடு வரை வந்து சேருவதில்லை, அதுதான் குறை.

முதல் படி: அவருடைய இயல்பு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

98.6 என்பது மற்றவர்களுக்கு. கழுத்தில் அடிபட்ட பலருக்குச் சாதாரண நாளிலேயே உடல் சூடு 97-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும். என் தம்பிக்குக் காலையில் 96.6, சாயங்காலம் 97.4. அவனுக்கு 99.5 என்றால் நமக்கு 101 அடிப்பது மாதிரி. "நூறு கூட இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடும் இடத்தில் இந்த எண்ணைக் காட்டிப் பேச வேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை எழுந்ததும், மதியம் மூன்று மணிக்கு, படுக்கும் முன்பு, மூன்று வேளையும். பக்கத்திலேயே அறையின் சூட்டையும் குறியுங்கள். சுவரில் மாட்டும் சின்ன டிஜிட்டல் ரூம் தெர்மாமீட்டர் அதிக விலை இல்லை. நாங்கள் வாங்கிய பொருட்களிலேயே மிகவும் உபயோகமானது அதுதான். இரண்டு வாரம் முடிந்து நோட்டைப் பார்த்தபோது, அறை 34 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் எல்லாம் அவன் சூடும் கூடவே ஏறியிருந்தது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அக்குளில் வைத்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். வாயில் நாக்குக்கு அடியில் வைப்பது நல்லது, ஆனால் காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துத்தான். நெற்றிக்கு நேரே பிடிக்கிற துப்பாக்கித் தெர்மாமீட்டர் தோலின் சூட்டைத்தான் படிக்கிறது. தண்ணீர் தெளித்த முகத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. ஆசனவாயில் வைப்பது, டி6-க்கு மேல் காயம் உள்ளவருக்கு ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடலாம், வீட்டில் வேண்டாம். எந்த முறையானாலும் தினமும் ஒரே முறை, ஒரே கருவி.

இரண்டாம் படி: கூரை, படுக்கை, காற்று

ஷீட் கூரையாக இருந்தால் மேலே சுண்ணாம்போ வெள்ளை கூலிங் பெயின்ட்டோ அடியுங்கள். தென்னங்கீற்று வேய்ந்து போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். முடிந்தால் கட்டிலை மதியத்துக்கு மட்டுமாவது கிழக்குப் பக்க அறைக்கோ மரத்தடிக்கோ மாற்றுங்கள். மேற்குச் சுவர் சாயங்காலம் ஏழு மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் போடாதீர்கள்.

வெட்டிவேர் தட்டி, நனைத்த கோணிச்சாக்கு, ஏர் கூலர் இவையெல்லாம் வேலூர், திருச்சி, மதுரை மாதிரி உள்மாவட்டங்களில் நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது கூலர் போட்டால் புழுக்கம்தான் கூடும். அங்கே ஏசி உள்ள ஒரே ஒரு அறையாவது அவருக்கு இருந்தால் நல்லது. அதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கூலர் வைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அறை ஆவியில் வேகும்.

படுக்கையை மறந்துவிடுகிறோம். ரெக்சின், ஃபோம், டயப்பர், யூரின் படாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் ஷீட், எல்லாமே சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். முதுகுப்புறம் முழுவதும் அதன்மேல் கிடக்கிறது. புண் வராமல் இருக்க ஏர் பெட் தேவைதான். அதன்மேல் நல்ல பருத்தி விரிப்பு ஒன்று, ஒரே மடிப்பாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கும்போது சூடேறிய பக்கம் காற்று வாங்கும். பகலில் டயப்பர் இல்லாமல் இருக்க முடிகிற நேரங்களில் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: வியர்வையை வெளியிலிருந்து கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான்.

ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வெயில் காலத்தில் நம்மைக் காப்பாற்றுவது இதுதான். நம் ஆளுக்கு இந்த வியர்வை கிடையாது. தோலின் மேல் அதே வேலையைச் சாதாரணத் தண்ணீரும் செய்யும்.

தெளிப்பான் பாட்டில் ஒன்று வாங்குங்கள். சலூனில் முடியை நனைக்க வைத்திருப்பார்களே, அதுதான். முகம், கழுத்து, இரண்டு கைகள், நெஞ்சு, முட்டிக்குக் கீழே கால். இங்கெல்லாம் மெல்லிசாகத் தெளித்து, மேலே ஃபேன் காற்று படும்படி செய்யுங்கள். காய்ந்ததும் மறுபடி. சொட்டச் சொட்ட ஊற்றத் தேவையில்லை. ஆவியாகிற தண்ணீர்தான் குளிர்விக்கும், வழிந்தோடுகிற தண்ணீர் படுக்கையைத்தான் நனைக்கும். முதுகு, புட்டம், தொடை இடுக்கு இந்த இடங்களை நனைக்கவே நனைக்காதீர்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் படுக்கைப்புண்ணாகிவிடும்.

இப்போது ஃபேன் விஷயம். அறை 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் காற்று தோலைவிடச் சூடாகிவிடுகிறது. நமக்கு அப்போதும் ஃபேன் உதவும், ஏனென்றால் நாம் வியர்த்திருப்போம். வியர்க்காதவர் மேல் 38 டிகிரிக் காற்றை வேகமாக வீசினால், அது அடுப்பு ஊதுவது மாதிரி, சூட்டை உள்ளே தள்ளும். எங்கள் வீட்டில் ஷீட்டுக்கு அடியில் அவனைப் படுக்க வைத்து, ஃபேனை ஐந்தில் வைத்து, பாசத்தோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். எனவே வெயில் உச்சத்தில் ஃபேன் ஓடினால் தோல் ஈரமாக இருந்தே ஆக வேண்டும். ஈரம் இல்லாமல் வெறும் ஃபேன் வேண்டாம்.

வீல்சேர் ரக்பி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. 1970-களில் கனடாவின் வினிபெக்கில் கழுத்தில் அடிபட்டவர்களே உருவாக்கியது. அந்த வீரர்கள் ஆட்டத்தின் இடைவெளியில் முகத்திலும் கையிலும் இதே மாதிரி தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள், ஈரத்துண்டு போட்டுக்கொள்வார்கள், ஐஸ் வைத்த மேலங்கி அணிவார்கள். உலகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கே அந்தப் பாட்டில் தேவைப்படுகிறது என்று சொன்ன பிறகுதான் என் தம்பி அதை வீல்சேரில் மாட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டான். நாலு பேர் முன்னால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ள அவனுக்கு அத்தனை கூச்சம்.

காற்றில் ஈரம் அதிகமான ஊர்களில் தெளிப்பு மட்டும் போதாது. ஃபிரிட்ஜ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, சூடானதும் மாற்றுங்கள். கைகளை மணிக்கட்டு வரை குளிர்ந்த தண்ணீரில் வைத்திருப்பதும் உதவும். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. உணர்வில்லாத தோலை ஐஸும் சுடும், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். துணியில் சுற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், எடுத்தவுடன் தோலைப் பார்த்துவிடுங்கள். திடீரென்று ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். உடம்பு விறைத்து இழுக்கும், சிலருக்கு ரத்த அழுத்தமும் எகிறும். கையிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்.

நான்காம் படி: தண்ணீரும் யூரின் கணக்கும்

எல்லோரும் "நிறையத் தண்ணி குடி" என்பார்கள். அது எவ்வளவு சிக்கல் என்று நமக்குத்தான் தெரியும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ட்யூப் போட்டு யூரின் எடுப்பவர் (சி.ஐ.சி செய்பவர்), அதிகம் குடித்தால் மூத்திரப்பை நிரம்பிவிடும் என்று பயந்து வாயைக் கட்டுவார். வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே குடிக்க மாட்டார். அன்றுதான் வெயில் அதிகம் படும்.

இதற்கு வழி, குடிப்பதைக் குறைக்காமல், எடுக்கும் இடைவெளியைக் குறைப்பது. ஒரு தடவை எடுக்கும் யூரின் 500 மில்லியைத் தாண்டாமல் இருந்தால் போதும். கத்திரி வெயில் நாட்களில் நாங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கிறோம். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிப்பதைவிட மணிக்கு ஒரு டம்ளர் நல்லது. யூரின் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனால் பின்தங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ், இளநீர் எல்லாம் நல்லவை. கிட்னி பாதிப்பு இருப்பவர்கள் இளநீரை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும், அதில் பொட்டாசியம் அதிகம். ஐஸ் போட்டுக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று நம் வீடுகளில் ஒரு பயம். குளிர்ந்த பானம் உள்ளிருந்தே சூட்டைக் குறைக்கும், தாராளமாகக் கொடுக்கலாம். சளிக்குப் பயப்பட வேண்டியது படுத்தபடியே குடிக்கும்போதுதான். இருமலுக்குப் பலம் இல்லாதவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: சூடு ஏறிவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

எண் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் கூடியிருக்கிறது. இது அறைச் சூடா, காய்ச்சலா? இப்படிப் பாருங்கள். இருக்கும் இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். போர்வை, சாக்ஸ், டயப்பர், இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் எடுங்கள். தெளித்து, காற்று வீசி, குளிர்ந்த மோர் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கி, இறங்கியபடியே இருந்தால் அது பெரும்பாலும் சுற்றுப்புறச் சூடு. இறங்காமல் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, ராத்திரி குளிர்ந்த நேரத்தில் ஏறினாலோ உள்ளே நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

நோய் என்றால் எங்கே தேடுவது? யூரின் கலங்கி நாற்றமடிக்கிறதா, புதிதாக ஒழுகுகிறதா, உடம்பு வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறதா. புட்டம், வால் எலும்பு, குதிகாலில் புண் இருக்கிறதா. சளி, மூச்சு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். அந்தக் காலைப் பிடித்துவிட்டு எண்ணெய் தேய்க்கவே கூடாது. அடிபட்ட சில மாதங்களுக்குள் இடுப்போ முட்டியோ வீங்கி மடக்க முடியாமல் போனால், மூட்டைச் சுற்றி எலும்பு வளர்வதாலும் சூடு வரும். இன்னொன்று: கதீட்டர் (யூரின் ட்யூப்) உபயோகிப்பவர்களின் யூரினில் கிருமி எப்போதுமே கொஞ்சம் இருக்கும். கல்ச்சரில் (யூரினில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) வந்துவிட்டது என்பதற்காக மட்டுமே ஒவ்வொரு சூட்டுக்கும் ஆன்டிபயாடிக் தின்னக் கூடாது.

பாராசிட்டமால் பற்றிச் சொல்ல வேண்டும். கிருமியால் வரும் காய்ச்சலில், மூளையே சூட்டை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அந்த இடத்தில் வேலை செய்து இறக்குகிறது. வெயிலால் ஏறிய சூட்டில் மூளை எதையும் உயர்த்தவில்லை, எனவே மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று கொடுத்து நேரத்தை இழக்காதீர்கள்.

104-ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ, மயங்கினாலோ இந்த ஒரு மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. அது வெப்பத்தாக்கு. உடனே 108. வண்டி வரும்வரை தண்ணீர் தெளித்துக் காற்று வீசுவதை நிறுத்த வேண்டாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

தலைவலியோடு வியர்த்தால் அது வேறு கதை

டி6-க்கு மேல் காயம் உள்ளவர் திடீரென்று தலை பிளக்கிறது என்கிறார், முகம் சிவந்து நெற்றி கொட்டக் கொட்ட வியர்க்கிறது, மூக்கு அடைக்கிறது, கையில் மயிர்க்கூச்செறிகிறது. பார்க்கிறவர்கள் சூடு என்று நினைத்துப் படுக்க வைப்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது. இதன் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. கீழே எங்கோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் நிரம்பிய மூத்திரப்பை அல்லது மடங்கிய ட்யூப், ரத்த அழுத்தத்தை எகிற வைக்கிறது. விட்டுவிட்டால் மூளையில் ரத்தம் கசியும் வரை போகலாம்.

வெப்பத்தால் சோர்ந்து அழுத்தம் இறங்கியவரைப் படுக்க வைக்க வேண்டும். டிஸ்ரிஃப்ளெக்சியா வந்தவரை நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட வேண்டும். இரண்டும் நேர் எதிர். ஒரு பி.பி. மெஷின் இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்வது கடினம், அதனால் வீட்டில் ஒன்று இருக்கட்டும். கழுத்தில் அடிபட்டவரின் இயல்பு அழுத்தம் 90, 100 என்றுதான் இருக்கும். அவருக்கு 130 என்பதே ஏற்றம். உட்கார வைத்த பிறகு இறுக்கமான துணிகளைத் தளர்த்துங்கள், ட்யூப் மடிந்திருக்கிறதா, யூரின் பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சி.ஐ.சி என்றால் மரத்துப்போகும் ஜெல்லி தடவி உடனே யூரின் எடுங்கள். அப்புறம் மலம் கட்டியிருக்கிறதா, காலில் நகம் குத்துகிறதா, செருப்பு இறுக்குகிறதா என்று தேடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தம் பாருங்கள். காரணம் கிடைக்காவிட்டாலோ 150-ஐத் தாண்டினாலோ, உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரி.

குளிர்: நம் ஊரிலா என்று கேட்காதீர்கள்

வெயிலைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், ஒரு ராத்திரி ஏசி பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தோம். விடியற்காலையில் எழுப்பினால் சரியாகப் பதில் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். வீட்டில் அளந்தால் 94.6. தலைக்கு நேர் மேலே ஏசிக் காற்று, மெல்லிய சட்டை, கீழுடம்பு நடுங்காது, குளிர்கிறது என்று அவனுக்கே தெரியவும் இல்லை.

95-க்குக் கீழே போனால் அது ஆபத்தான குளிர்ச்சி. ஏசி ரயில், ஸ்கேன் எடுக்கும் அறை, ஆபரேஷன் தியேட்டர், மார்கழிக் காலைக் குளியல், ஊட்டி, கொடைக்கானல் பயணம், இங்கெல்லாம் குல்லா, சாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று துணி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடித்த போர்வையைவிட மெல்லிய அடுக்குகள் நல்லது, வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம். குளிர்ந்துவிட்டால் ஈரத்துணியை மாற்றி, உலர்ந்த கம்பளியில் சுற்றி, விழிப்பாக இருந்தால் மிதமான சூட்டில் பால் கொடுங்கள். பக்கத்தில் ஒருவர் ஒட்டிப் படுத்துக்கொள்வதும் நல்ல வழி. மந்தமாகவே இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொதிநீர்ப் பை, தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், சூடு செய்த செங்கல், மின்சாரப் போர்வை எதுவும் உணர்வில்லாத இடத்தில் வேண்டாம். பாட்டி கைப்பக்குவத்தில் எத்தனையோ நல்லது இருக்கிறது, ஆனால் ஒத்தடம் "சுடுதும்மா" என்று சொல்ல முடிகிறவருக்குத்தான். இதே காரணத்தால் டீ கிளாஸைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு வீல்சேரைத் தள்ளுவது, சார்ஜ் ஏறும் லேப்டாப்பை மடியில் வைப்பது, வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டில் உட்காருவது, சைலன்சர் பக்கம் கால் போவது, இதெல்லாம் பல மாதம் ஆறாத புண்ணில் முடிந்திருக்கின்றன. குளிக்கும் தண்ணீரை உணர்வுள்ளவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

மாத்திரைப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்

மூத்திரப்பையை அடக்க ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின் கொடுத்திருப்பார்கள். இவை மிச்சமிருக்கும் வியர்வையையும் குறைக்கும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். நிறுத்தச் சொல்லவில்லை. கோடை தொடங்கும் முன் டாக்டரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பேக்லோஃபென் மட்டும் தனி. இழுப்பைக் குறைக்க அதைச் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தினால், கடும் இழுப்போடு காய்ச்சலும் குழப்பமும் வரும். உயிருக்கே ஆபத்து. கடையில் ஸ்டாக் இல்லை என்ற நிலை வராமல் பத்து நாள் மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும்.

கடைசிப் படி: வீல்சேரின் பின்னால் ஓர் அட்டை

நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் அவருக்கு ஏதாவது ஆனால், பார்க்கிற டாக்டருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து வீல்சேரின் முதுகில் மாட்டிவிட்டோம். எங்களுடையது இப்படி இருக்கிறது:

கழுத்து சி6, முழுமையான காயம். வியர்க்காது, கீழே நடுங்காது.
இயல்பு உடல் சூடு 97. இவருக்கு 99.5 என்பது காய்ச்சல்.
இயல்பு ரத்த அழுத்தம் 95/60. தலைவலியோடு 130 என்றால் டிஸ்ரிஃப்ளெக்சியா. உட்கார வைக்கவும், யூரின் ட்யூபைப் பார்க்கவும்.
சூடு ஏறினால் முதலில் குளிர்ந்த இடம், தண்ணீர் தெளிப்பு, காற்று.
சூடான, ஐஸான எதையும் தோலில் வைக்க வேண்டாம்.
மாத்திரைகளும் அளவும் பின்பக்கம். பேக்லோஃபெனை நிறுத்தக் கூடாது.

போன சித்திரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் பந்தியில் இருந்தபோது அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவனுக்குத் தெரியாத ஒரு பையன் அந்த அட்டையைப் படித்துவிட்டு, வீல்சேரைப் பின்பக்கத் தாழ்வாரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டுபோய், பையில் இருந்த பாட்டிலை எடுத்துத் தெளித்துக்கொண்டிருந்தான். நான் கையைக் கழுவிவிட்டு ஓடி வருவதற்குள் 98.8-க்கு இறங்கியிருந்தது.